‘நாம’ வேற... ‘நாங்க’ வேற! ஓசூர் பஸ் ஸ்டாப்பில் ஒரு கெச்சுவா - கிரேக்கப் பாடம்

காலை ஆறு மணி. சிப்காட் கம்பெனி பஸ்ஸுக்காக ஓசூரில் ஒரு கூட்டம் காத்திருக்கிறது. வானம் லேசாகக் கறுத்திருந்தால் போதும், பேச்சு மழையில்தான் ஆரம்பிக்கும்.

“மழை வருதாம்” என்பார் ஒருவர். “வான வஸ்துந்தட” என்பார் தெலுங்கு வீட்டிலிருந்து வரும் பெண். “மளெ பருத்தந்தெ” என்பார் அத்திப்பள்ளிப் பக்கத்துக் கன்னடக்காரர். “பாரிஷ் ஆத்தீ கதே” என்பார் உருது பேசும் அண்ணன்.

நான்கு பேர் சொன்னதும் ஒன்றுதான். மழை வருகிறதாம்! ‘நான் கண்ணால் பார்க்கவில்லை, யாரோ சொன்னார்கள், வராவிட்டால் என்னைக் கேட்காதீர்கள்’ என்பதையெல்லாம் தமிழில் அந்த ஒற்றை ‘ஆம்’ சொல்லிவிடுகிறது. தெலுங்கில் ‘அட’, கன்னடத்தில் ‘அந்தெ’, இந்தப் பக்கத்து தக்னி உருதுவில் ‘கதே’.

இதே வேலையைச் செய்யும் ஒரு சின்ன ஒட்டு உலகத்தின் மறுபக்கத்திலும் இருக்கிறது. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைகளில் பேசப்படும் கெச்சுவா மொழியில் ‘பரஷன்மி’ என்றால், மழை பெய்கிறது, நானே பார்த்தேன். ‘பரஷன்சி’ என்றால், மழை பெய்கிறதாம். ‘பரஷன்ச்சா’ என்றால், பெய்கிறது போலிருக்கிறது.

ஆனால், உலகமே கொண்டாடும் கிரேக்க மொழியில் இப்படி ஓர் ஒட்டு கிடையாது. ‘சொல்கிறார்கள்’ என்று தனியாக ஒரு வினைச்சொல் போட்டுத்தான் சொல்ல வேண்டும்.

அப்படியென்றால் தமிழுக்கும் கெச்சுவாவுக்கும் ஏதாவது சொந்தமா? ‘இன்கா மக்கள் பேசியது தமிழே’, ‘கிரேக்கம் பிறந்ததே தமிழிலிருந்துதான்’ என்றெல்லாம் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் வந்து விழும் செய்திகளை நம்பலாமா? இதற்கு விடை தேட பெரு நாட்டுக்கோ ஏதென்ஸுக்கோ போக வேண்டாம். ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு பஸ் ஏறினாலே போதும்.

ஊர்ப் பெயரிலேயே இருக்கிறது பாடம்

ஓசூர் என்பது கன்னடத்தில் ‘ஹொசூரு’. ‘ஹொச’ என்றால் புதிய. புதிய ஊர். தமிழில் சொன்னால் புத்தூர். பழங்கன்னடத்தில் அது ‘பொச’ என்றுதான் இருந்தது. பிற்பாடு சொல்லின் முதலில் வரும் ‘ப’ எல்லாம் கன்னடத்தில் ‘ஹ’ ஆகிவிட்டது. தமிழும் தெலுங்கும் ‘ப’வை விடவில்லை.

ஓசூர் மார்க்கெட்டில் இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம்.

• பால் - தெலுங்கில் பாலு - கன்னடத்தில் ஹாலு
• பூ - புவ்வு - ஹூவு
• புலி - புலி - ஹுலி
• பல் - பல்லு - ஹல்லு
• பத்து - பதி - ஹத்து

ஒன்றிரண்டு சொற்கள் ஒரே மாதிரி இருந்தால் அது தற்செயலாக இருக்கலாம். சொல்லுக்குச் சொல், ஒரே இடத்தில், ஒரே எழுத்து, ஒரே மாதிரி மாறியிருந்தால் அது சொந்தம். மொழியியலில் ‘ஒரே குடும்பம்’ என்று சொல்ல இதுதான் அடிப்படைச் சோதனை. தமிழ், தெலுங்கு, கன்னடம் எல்லாம் தனிக் குடும்பம் என்று 1816-ல் சென்னையில் இருந்த எல்லிஸ் எழுதினார். கால்டுவெல் 1856-ல் வெளியிட்ட ஒப்பிலக்கண நூல் அதை விரிவாக நிறுவியது.

இப்போது கிருஷ்ணகிரிக்கு வருவோம். ‘கிருஷ்ண’ என்றால் கறுப்பு, ‘கிரி’ என்றால் மலை. இரண்டுமே சம்ஸ்கிருதம். சம்ஸ்கிருதத்துக்கு கிரேக்கமும் லத்தீனும் உறவு என்பதை 1786-ல் கொல்கத்தாவில் பேசிய வில்லியம் ஜோன்ஸ் உலகத்தின் கவனத்துக்குக் கொண்டு வந்தார். ஆக, ஒரே மாவட்டத்தில் இரண்டு மொழிக் குடும்பங்கள் ஊர்ப் பெயராகவே நிற்கின்றன. ஓசூர் நம் வீட்டுப் பெயர். கிருஷ்ணகிரியோ கிரேக்கத்துக்கு ஒன்றுவிட்ட சொந்தம்!

‘ஸ’ போய் ‘ஹ’ வந்த கதை

கிரேக்கத்திலும் கன்னடத்தைப் போலவே ஒரு ‘ஹ’ விளையாட்டு நடந்திருக்கிறது. அங்கே மாறியது ‘ப’ அல்ல, ‘ஸ’.

சம்ஸ்கிருதத்தில் ஏழு ‘ஸப்த’. பழைய கிரேக்கத்தில் ‘ஹெப்தா’. சம்ஸ்கிருதத்தில் ‘ஸர்ப்ப’ என்றால் ஊர்ந்து செல்வது, அதாவது பாம்பு. கிரேக்கத்தில் ‘ஹெர்ப்போ’ என்றால் ஊர்கிறேன். நாம் அக்கி என்று சொல்லும் நோய்க்கு டாக்டர்கள் எழுதும் ‘ஹெர்ப்பிஸ்’ என்ற பெயர் அந்த வேரிலிருந்துதான் வந்தது. உடம்பில் ஊர்ந்து பரவுவதால் அந்தப் பெயர்.

எண்களைப் பாருங்கள். கிரேக்கத்தில் இரண்டு ‘துயோ’, மூன்று ‘த்ரெய்ஸ்’, ஐந்து ‘பெந்தே’, எட்டு ‘ஒக்தோ’, பத்து ‘தெகா’. இந்தியிலும் உருதுவிலும் தோ, தீன், பாஞ்ச், ஆட், தஸ். சிப்காட்டில் வேலை பார்க்கும் பீகார் இளைஞர் கூலியை எண்ணும்போது கிரேக்கத்தின் தூரத்துச் சொந்தக்காரராகத்தான் எண்ணுகிறார்.

அதே காசைத் தமிழில் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து என்று எண்ணலாம். தெலுங்கில் ஒகட்டி, ரெண்டு, மூடு, நாலுகு, ஐது. கன்னடத்தில் ஒந்து, எரடு, மூரு, நால்கு, ஐது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் குடும்பம் தெரிகிறது.

கெச்சுவாவில்? ஹுக், இஸ்காய், கிம்சா, தவா, பிச்கா. பத்துக்கு ‘சுன்கா’. எந்தப் பக்கமும் சேரவில்லை. ஐந்தைக் குறிக்கும் ‘பிச்கா’ மட்டும் ‘பஞ்ச’ போலக் காதில் விழலாம். ஆனால் மற்ற எண்கள் கைகொடுக்கவில்லை. தனியாக நிற்கும் ஒரு சொல்லை வைத்து உறவு கொண்டாட முடியாது.

இன்னோர் உதாரணம். கெச்சுவாவில் வீட்டுக்கு ‘வாசி’ என்று பெயர். ‘ஆஹா, சென்னைவாசி, காட்டுவாசி எல்லாம் பெருவில் இருக்கிறதே’ என்று ஒரு ஃபார்வர்டு தயார் செய்ய இது போதும். ஆனால், நம் ‘வாசி’ சம்ஸ்கிருதத்திலிருந்து தமிழுக்கு வந்தது. கெச்சுவா ‘வாசி’ ஆண்டிஸ் மலையிலேயே பிறந்தது. பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருப்பவருக்கு நம் மாமாவின் மூக்கு இருப்பதால் அவர் நம் மாமா ஆகிவிட மாட்டார்.

சொந்தமில்லை... ஆனால் ஒரே மாதிரி வீடு

அப்புறம் எப்படி அந்த ‘ஆம்’ பொருந்தியது? இங்கேதான் விஷயம் சுவாரஸ்யமாகிறது.

தமிழில் வீடு, வீடுகள், வீடுகளில் என்று ஒவ்வொரு பெட்டியாகக் கோத்துக்கொண்டே போகிறோம், ரயில் மாதிரி. கன்னடத்தில் மனெ, மனெகளு, மனெகளல்லி. கெச்சுவாவிலும் இதேதான். வாசி, வாசிகுனா, வாசிகுனாபி. ‘குனா’ என்பது ‘கள்’. ‘பி’ என்பது ‘இல்’. எந்தப் பெட்டி எங்கே முடிகிறது என்று தெளிவாகக் கழற்றிக் காட்டலாம். வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் வருவதும் நம் வழக்கம் போலவே.

இன்கா பேரரசின் பெயரே அப்படிக் கோத்ததுதான். ‘தவா’ என்றால் நான்கு. ‘சுயு’ என்றால் பகுதி. நடுவில் ‘சேர்ந்த’ என்ற பொருளில் ‘ந்தின்’. தவாந்தின்சுயு, நான்கு பகுதிகளும் சேர்ந்த நாடு.

கிரேக்கத்தின் கட்டுமானம் வேறு. வீடு என்பதற்குப் பழைய கிரேக்கத்தில் ‘ஒய்கோஸ்’. ‘எகானமி’ என்ற சொல் இந்த வீட்டிலிருந்து கிளம்பியதுதான். ‘ஒய்கோய்ஸ்’ என்றால் ‘வீடுகளுக்கு’. இதில் ‘கள்’ எது, ‘கு’ எது? பிரிக்க முடியாது. பாலில் கரைந்த சர்க்கரை மாதிரி ஒரே விகுதிக்குள் இரண்டும் கரைந்துவிட்டன.

அடுத்தது, நம் வீட்டில் தினமும் சண்டையே வரும் விஷயம். “நாங்க சினிமாவுக்குப் போறோம்” என்றால் எதிரில் நிற்கும் குழந்தை அழும். “நாம போறோம்” என்றால் செருப்பை மாட்டிக்கொண்டு வந்து நிற்கும். கேட்பவரைச் சேர்த்தா, சேர்க்காமலா என்று தமிழ் பிரித்துச் சொல்கிறது. தெலுங்கில் ‘மனம்’, ‘மேமு’ என்று இரண்டு சொற்கள். கெச்சுவாவிலும் இரண்டு உண்டு. கேட்பவரைச் சேர்த்தால் ‘ஞொகஞ்சிக்’, சேர்க்காவிட்டால் ‘ஞொகய்கு’. கிரேக்கத்திலும் இந்தியிலும் இதற்கு ஒரே சொல்தான்.

இன்றைய கன்னடத்திலோ இரண்டுக்கும் ‘நாவு’ என்ற ஒன்றே. நம் சொந்தக் குடும்பத்தைச் சேர்ந்த கன்னடம் இந்த வேறுபாட்டை விட்டுவிட்டது. எந்தச் சொந்தமும் இல்லாத கெச்சுவா வைத்திருக்கிறது. மொழிகளுக்கிடையே ‘சாயல்’ வேறு, ‘சொந்தம்’ வேறு என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை.

சாயல் பக்கத்து வீட்டிலிருந்தும் வரும். உருது பிறப்பால் கிரேக்கத்தின் குடும்பம். ஆனால் பல தலைமுறைகளாகத் தென்னிந்தியாவில் தெலுங்கு, கன்னடம், தமிழோடு பழகிய தக்னி உருது, ‘ஆம்’ என்பதற்கு இணையாக ‘கதே’வை வாக்கியத்தின் கடைசியில் வைக்கப் பழகிவிட்டது. ‘வோ ஆயா கதே’ என்றால் ‘அவர் வந்தாராம்’. ரத்த உறவில்லை, தெரு உறவு!

இஞ்சி கொடுத்தோம்... நாடகத்தில் நுழைந்தோம்!

கொடுக்கல் வாங்கலாலும் சொற்கள் ஒத்துப்போகும். கிரேக்கர்கள் இஞ்சியை ‘ஸிங்கிபெரிஸ்’ என்றார்கள். அதன் தொடக்கம் ‘இஞ்சி’யும் ‘வேரு’ம் சேர்ந்த நம் பக்கத்துச் சொல். பிராகிருதம் வழியாகக் கப்பலேறி கிரேக்கத்துக்குப் போனது. அங்கிருந்து சுற்றிச்சுற்றி ‘ஜிஞ்சர்’ ஆகி, இன்று ஓசூர் பேக்கரியில் பிஸ்கட் பாக்கெட்டில் உட்கார்ந்திருக்கிறது.

எகிப்தின் ஆக்ஸிரிங்கஸ் என்ற இடத்தில் கிடைத்த, கி.பி. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு பாப்பிரஸ் தாளில் கிரேக்க நகைச்சுவை நாடகம் ஒன்று இருக்கிறது. இந்தியக் கடற்கரையில் ஒரு ராஜாவிடம் சிக்கிக்கொண்ட காரிடியோன் என்ற கிரேக்கப் பெண்ணை மீட்கும் கதை. அதில் உள்ளூர்க்காரர்கள் புரியாத ஒரு மொழியில் பேசுகிறார்கள். தாள் 1903-ல் அச்சில் வெளியானது. மறு ஆண்டே, அந்தப் புரியாத பேச்சில் இருப்பது கன்னடம் என்றார் கல்வெட்டு அறிஞர் ஹுல்ஷ். துளு என்றார்கள் சிலர். வெறும் உளறல் ஒலிதான் என்றார்கள் வேறு சிலர். விவாதம் இன்னும் முடியவில்லை.

இன்றைய ஓசூரிலும் கிரேக்கம் உண்டு. 1984-ல் தொடங்கப்பட்டு ஓசூரில் கடிகாரம் செய்யும் டைட்டனின் பெயரை டாடாவும் தமிழ்நாடும் சேர்ந்தது என்பார்கள். கிரேக்கப் புராணத்தில் டைட்டன்கள் ஆதிகால மாபெரும் தெய்வங்கள். ‘மெஷின்’, ‘எலக்ட்ரிக்’ இரண்டும் கிரேக்க வேர்கள்தான்.

கெச்சுவா வந்தது வயல் வழியாக. உருளைக்கிழங்கை உலகுக்குக் கொடுத்தது ஆண்டிஸ் மலை. அங்கே அதற்குப் பெயர் ‘பாப்பா’. ஓசூர் பசுமைக்குடில்களில் வளர்ந்து காதலர் தினத்துக்கு விமானமேறும் ரோஜாவைப் போலவே, ஈக்வடார் நாட்டின் கயம்பே மலைப்பகுதியிலிருந்தும் ரோஜாக்கள் உலகெங்கும் போகின்றன. கெச்சுவாவின் ஒரு வகையான கிச்வா பேசும் மக்களின் மண் அது.

எண்பது லட்சம் பேர் இருந்தும்...

கிரேக்கம் பேசுவோர் சுமார் 1.3 கோடி. கெச்சுவா பேசுவோர் பெரு, பொலிவியா, ஈக்வடார் நாடுகளில் மொத்தம் எண்பது லட்சம் வரை. எண்ணிக்கையில் பெரிய இடைவெளி இல்லை. மரியாதையில் இருக்கிறது.

கெச்சுவாவுக்கு முதல் இலக்கண நூல் 1560-லேயே ஸ்பெயினில் அச்சானது. தமிழில் ‘தம்பிரான் வணக்கம்’ கொல்லத்தில் அச்சானதற்கு 18 ஆண்டுகள் முன்பு. ஆனால், 1780-ல் இரண்டாம் டூபாக் அமாரு தலைமையில் நடந்த கிளர்ச்சியை ஸ்பானிஷ் அரசு நசுக்கியபோது, மக்களின் மொழியையும் சேர்த்தே நசுக்கப் பார்த்தது. 1975-ல்தான் பெரு அதை ஆட்சிமொழியாக அறிவித்தது. சட்டம் மாறினாலும் மனம் மாறவில்லை. கெச்சுவாவில் ‘அ, இ, உ’ என்று மூன்றே உயிரொலிகள். அதனால் ஸ்பானிஷ் பேசும்போது ‘எ’வை ‘இ’ என்றும் ‘ஒ’வை ‘உ’ என்றும் சொல்லிவிடுவார்கள். அதற்கென்றே ‘மொத்தோசோ’ என்று ஒரு கேலிப் பெயர் இருக்கிறது. கேலிக்கு பயந்தே பிள்ளைகளிடம் கெச்சுவா பேசுவதை நிறுத்திய பெற்றோர் ஏராளம்.

2019-ல் ரொக்ஸானா கிஸ்பே கொயாண்டஸ் என்ற ஆய்வாளர், லிமாவின் சான் மார்கோஸ் பல்கலைக்கழகத்தில் கெச்சுவாவிலேயே முனைவர் பட்ட ஆய்வேடு எழுதினார். 1551-ல் தொடங்கிய அந்தப் பல்கலைக்கழகத்தில் இதுவே முதல்முறை! 2021-ல் பிரதமர் கிடோ பெயிதோ நாடாளுமன்றத்தில் கெச்சுவாவில் பேசத் தொடங்கியபோது, புரியவில்லை என்று உறுப்பினர்கள் இடைமறித்தார்கள்.

கிரேக்கத்துக்கும் ஒரு வலி உண்டு. அங்கே பல காலம் ஏட்டு மொழி வேறு, வீட்டு மொழி வேறு. 1901-ல் பைபிளைப் பேச்சு கிரேக்கத்தில் மொழிபெயர்த்ததற்காக ஏதென்ஸில் கலவரம் வெடித்து எட்டுப் பேர் இறந்தார்கள். 1976-ல்தான் மக்கள் பேசும் கிரேக்கம் அரசின் மொழியானது.

‘மளெ’ என்று சொல்லும் குழந்தை

இந்த இரண்டு கதைகளும் ஓசூர் வகுப்பறையில் சந்திக்கின்றன.

ஆந்திராவையும் கர்நாடகாவையும் தொட்டுக்கொண்டிருக்கும் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தெலுங்கும் கன்னடமும் உருதுவும் வீட்டு மொழியாக இருக்கும் குழந்தைகள் நிறைய. 2006-ல் வந்த தமிழ் கற்றல் சட்டம், ஒன்றாம் வகுப்பில் தொடங்கிப் படிப்படியாகத் தமிழைக் கட்டாயப் பாடமாக்கியது. மொழிச் சிறுபான்மை மாணவர்கள் தேர்வில் விலக்குக் கேட்டு நீதிமன்றம் போனார்கள், பல ஆண்டுகள் விலக்கும் கிடைத்தது. தாய்மொழியில் தொடக்கக் கல்வி தர வசதி செய்ய வேண்டும் என்கிறது அரசியல் சட்டத்தின் 350-ஏ பிரிவு. இருக்கும் மாநிலத்தின் மொழி தெரியாமல் வேலையும் இல்லை, வாழ்க்கையும் இல்லை என்பதும் உண்மை.

அந்தக் குழந்தை மூன்று படி ஏறுகிறது. வீட்டில் ஒரு மொழி. தெருவில் பேச்சுத் தமிழ். புத்தகத்தில் செந்தமிழ். ‘மழை’யை ‘மளெ’ என்று படித்துவிட்டால் வகுப்பே சிரிக்கும்.

சிரிக்கும் முன் ஒன்றைத் தெரிந்துகொள்வது நல்லது. பழங்கன்னடத்திலும் பழந்தெலுங்கிலும் ‘ழ’ இருந்தது. காலப்போக்கில் போய்விட்டது. ‘மளெ’ என்று சொல்லும் குழந்தை, வேறு வழியில் நடந்து வந்த அதே ‘மழை’யைத்தான் சொல்கிறது. ‘உனக்குத் தமிழ் வராது’ என்று சொல்வதைவிட, ‘உங்க ஹாலு எங்க பால், உங்க ஹுலி எங்க புலி’ என்று சொல்லிக் கொடுத்தால், பாதித் தமிழ் ஏற்கெனவே தன் வீட்டில் இருப்பதை அந்தக் குழந்தையே கண்டுபிடித்துவிடும்.

பெற்றோரும் பயப்பட வேண்டியதில்லை. தமிழ் மார்க் குறையும் என்று வீட்டில் தெலுங்கையோ கன்னடத்தையோ உருதுவையோ நிறுத்த வேண்டாம். பாட்டி எண்ணும் எண்களைப் பேரப்பிள்ளை ஒரு நோட்டில் எழுதட்டும். பக்கத்தில் தமிழ் எண்களை எழுதட்டும். அதற்கும் பக்கத்தில், ஆசை இருந்தால், ஹுக், இஸ்காய், கிம்சா. எது சொந்தம், எது சாயல் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் புரிந்துவிடும். அடுத்த முறை ‘இன்கா பேசியது தமிழ்’ என்று ஃபார்வர்டு வந்தால், பதில் சொல்ல வீட்டிலேயே ஆள் இருக்கும்.

மாநில எல்லையில் தகராறு வரும் நாட்களில் ஜுஜுவாடி சோதனைச்சாவடியோடு பஸ்கள் நின்றுவிடும். அன்று ‘நாங்க’ என்ற சொல்தான் இரு பக்கமும் சத்தமாகக் கேட்கும். மறுநாள் காலை ஆறு மணிக்கு அதே பஸ் ஸ்டாப்பில் அதே நான்கு பேர். மழை வருதாம்!